பெர்ரி வளருதுன்னா காடியையும் ஏத்துங்க: பினாங்கு பெர்ரியை நடத்துறவங்களுக்கு பாகான்ல இருந்து ஒரு திறந்த மடல்

பெர்ரியை நடத்துறதுல முடிவெடுக்குறவங்களுக்கும், அதுக்கு பணம் ஒதுக்கி அனுமதி குடுக்குற மத்திய, மாநில அதிகாரிங்களுக்கும்,

நேரா விஷயத்துக்கு வரேன். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோட, பெருநிலத்துல எங்க பாகான் பக்கம் இருக்குற பட்டர்வொர்த்துக்கும் தீவுல இருக்குற ஜார்ஜ்டவுனுக்கும் நடுவுல ஓடுற பெர்ரியில காடி (கார், வேன்) ஏத்துறது நின்னுபோச்சு. பழைய பெர்ரி எல்லாம் தேஞ்சு போச்சு, அடிக்கடி ரிப்பேர், புதுசு வாங்குற வரைக்கும் பொறுத்துக்கணும்னு நாங்க எங்களையே சமாதானப்படுத்திக்கிட்டோம். 2023 ஆகஸ்ட்ல புதுசு நாலு வந்துச்சு. தெலுக் பஹாங், தெலுக் டுயுங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார்னு பேரு. ஒவ்வொண்ணும் 250 பேரையும் 50 மோட்டார் சைக்கிளையும் ஏத்தும். காடிக்கு மட்டும் இடம் இல்ல. இதை வளர்ச்சின்னு எல்லாரும் பேசுறாங்க, நீங்களும் அப்படித்தான் சொல்றீங்க, அதைக் கேட்டுட்டு சும்மா இருக்க என்னால முடியல, அதான் எழுதுறேன்.

புது பெர்ரி மோசம்னு நான் சொல்ல வரல. சுத்தமா இருக்கு, ஏர்கோன் இருக்கு, சொன்ன நேரத்துக்கு கிளம்புது. மோட்டார்ல வேலைக்குப் போற பசங்க பினாங்கு பாலத்து மேல காத்துலயும் மழையிலயும் 13.5 கிலோமீட்டர் போகாம பெர்ரியில ஏறி வர்றது ரொம்ப நல்ல விஷயம், அதை ஒருநாளும் நிறுத்திடாதீங்க. நான் கேக்குறது வேற. இத்தனை செலவு பண்ணி புதுசா வாங்கும்போது காடி ஏத்துற மாதிரி ஒண்ணே ஒண்ணு கூட ஏன் வாங்கல?

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு சொல்லிடுறேன். நாங்க பாகான்ல பூமாலை கட்டி விக்கிற குடும்பம், என் மாமியார் ஆரம்பிச்ச வேலை இது. கேமரன் மலையில இருந்து சாமந்தி வரும், இந்தியாவுல இருந்து மல்லி ஏர்ல வரும், விடிய விடிய கட்டி பெட்டியில அடுக்கி ஈரத்துணி போட்டு மூடி வேன்ல ஏத்துவோம். எங்க வாடிக்கையில பாதிக்கு மேல தீவுலதான். பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைங்க, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கத்துல நடக்குற கல்யாணம், காதுகுத்து எல்லாம். முன்னாடி என் வீட்டுக்காரர் வேனை அப்படியே பெர்ரியில ஏத்திடுவாரு, எஞ்சினை நிறுத்திட்டு உள்ளேயே உட்கார்ந்து கண்ணை மூடுவாரு, தீவுப் பக்கம் பெர்ரி நிக்கிற வெல்ட் கீயில இறங்கினா கொஞ்ச தூரத்துல கடை வந்துடும். பூவுல தண்ணி தெளிச்ச ஈரம் காயறதுக்குள்ள கைமாறிடும்.

இப்போ என்ன ஆகுதுன்னா, பாகான்ல இருந்து பிறை வரைக்கும் கீழ இறங்கி, டோல்ல நின்னு, பாலம் ஏறி, குளுகோர் பக்கம் போய் விழுந்து, அங்கேருந்து மறுபடியும் டவுனுக்கு மேல ஏறி வரணும். கண்ணுக்கு எதிர்ல தெரியுற ஊரு, கடலுல அளந்தா மூணு கிலோமீட்டர்தான், அதுக்கு இப்படி ஒரு சுத்து. காலையில வேலைக்குப் போற காடிங்களோட மாட்டினா பாலத்துல நகரவே நகராது. ஒரு கல்யாணத்துக்கு மணமாலை கொண்டுபோன அன்னிக்கு பாலத்துல ஒரு லோரி விபத்து, முன்னாடியும் போக முடியாது, திரும்பவும் முடியாது, பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன், அந்தம்மா அழுதுட்டாங்க. முகூர்த்த நேரம் நமக்காக நிக்குமா? கடைசியில பக்கத்துக் கோயில்ல சாமிக்கு வச்சிருந்த மாலையை வாங்கிப் போட்டு தாலி கட்டினாங்க. நாங்க பணத்தைத் திருப்பிக் குடுத்தோம். ஆனா அந்தக் குடும்பத்து முகத்துல இன்னும் என்னால சரியா முழிக்க முடியல. பாலத்துல விபத்து ஆனதுக்கு நீங்க பொறுப்பு இல்ல. பாலத்தை விட்டா காடிக்கு வேற வழியே இல்லாம போனதுக்கு நீங்கதான் பொறுப்பு.

அடுத்தது என் மாமியார். இப்போ அவங்க வீல்சேர்ல இருக்காங்க, ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கு, சிகிச்சை எல்லாம் தீவுலதான். பெர்ரியில காடி ஏறின காலத்துல அவங்களை வீட்டு வாசல்ல காடியில உட்கார வச்சா ஆஸ்பத்திரி வாசல்லதான் இறக்குவோம். நடுவுல பெர்ரியில கண்ணாடியை இறக்கிவிட்டா காத்து வரும், அவங்களுக்கு அது ஒரு சந்தோஷம். இப்போ பெர்ரியில கூட்டிட்டுப் போகணும்னா இந்தப் பக்கம் காடியை நிறுத்த இடம் தேடணும், நீளமான நடைபாதையில தள்ளிட்டுப் போகணும், ஏத்தணும், இறக்கணும், அந்தப் பக்கம் போய் வீல்சேரை மடிச்சு வைக்க ஒத்துக்குற கிரேப் டாக்சிக்காரர் கிடைக்கணும், மழை வந்தா அதுவும் கஷ்டம். அதனால பாலத்துலதான் கூட்டிட்டுப் போறோம். ஜாம் ஆயிடுமோன்னு பயந்து அவங்க காலையில இருந்தே தண்ணி குடிக்கிறதில்ல. சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுறவங்க தண்ணி குடிக்க பயப்படுறாங்கன்னா அது எவ்வளவு பெரிய கொடுமைன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க கணக்குல பயணின்னா தனியா நடந்து வந்து ஏறுற ஆளு மட்டும்தானா?

உங்க சேவை எப்படி வளர்ந்துச்சுன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க. 1894ல குவா பெங் கீன்னு உள்ளூர் சீனர் ஒருத்தர் ஆரம்பிச்சது இது. பின்னாடி ரயில் வந்தப்போ அது பிறை வரைக்கும்தான். தீவுல தண்டவாளமே கிடையாது, ஆனா ரயில்வேக்காரங்க ஜார்ஜ்டவுன்ல மணிக்கூண்டு வச்சு ஒரு பெரிய கட்டடம் கட்டி அங்கேயே டிக்கெட் வித்தாங்க, டிக்கெட் வாங்கினவங்க பெர்ரியில கடலைத் தாண்டிப் போய் ரயில் ஏறினாங்க. அந்தக் கட்டடம் இன்னிக்கும் நிக்குது, இப்போ கஸ்டம்ஸ்காரங்க இருக்காங்க. ராஜுலா மாதிரி கப்பல்ல நாகப்பட்டினத்துல இருந்தும் மெட்ராஸ்ல இருந்தும் பினாங்குல வந்து இறங்கின நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு தோட்டத்துக்குப் போறதுக்கு இந்தக் கடலைத்தான் தாண்டினாங்க. 1924ல துறைமுக வாரியம் இதை எடுத்துக்கிச்சு, அதுக்கப்புறம் 1925 வாக்குல காடி ஏத்த ஆரம்பிச்சாங்க. அப்போ ரோட்டுல எத்தனை காடி ஓடியிருக்கும்? ரொம்ப கம்மியாத்தான் இருக்கும். இருந்தும் இனிமே ஜனங்க காடியோடத்தான் போவாங்கன்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. அந்த யோசனைதான் இந்தச் சேவையை வளர்த்துச்சு. பின்னாடி ரெண்டு தட்டு பெர்ரி, பெரிய ஜெட்டி (படகுத்துறை), புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான், புலாவ் தாலாங் தாலாங்னு தீவுங்க பேரு வச்ச கப்பலுங்க எல்லாம் வந்தது காடியும் ஆளும் சேர்ந்து ஏறினதாலதான்.

1985ல பாலம் திறந்தாச்சு. பெர்ரி அவ்வளவுதான்னு அப்பவே பேசினாங்க. ஆனா அதுக்கப்புறமும் 35 வருஷம் காடி ஏறிக்கிட்டே இருந்துச்சு. 2014ல ரெண்டாவது பாலம் வந்துச்சு, அது பத்து காவான்ல இருந்து பத்து மாவுங்குக்குப் போகுது, 24 கிலோமீட்டர், தெற்குல இருக்குறவங்களுக்கு நல்லது, பாகான்காரங்களுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதுக்குப் பின்னாடியும் பெர்ரியில காடி ஏறுச்சு. அதனால பாலம் இருக்கேன்னு பதில் சொல்லாதீங்க.

நஷ்டம்னு சொல்வீங்க. சரி, கணக்கைப் பேசுவோம். பழைய கட்டணத்துல ஆளுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு, காடிக்கு 7 வெள்ளி 70 காசு, அதுவும் பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் வாங்குவீங்க, திரும்பி வர்றது சும்மா. ஒரு காடி ஆறு ஆளுக்கு மேல காசு குடுத்துச்சு. கட்டணத்தை ஏத்தணும்னா ஏத்துங்க, நியாயமா இருந்தா குடுக்கத் தயாரா இருக்கோம். பெட்ரோல், டோல், ஜாம்ல போற நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா எங்களுக்கு அது கூடுதல் இல்ல. 2019 ஜனவரியில இருந்து மோட்டாருக்கு பாலத்துல டோல் கிடையாது, ஆனா காடி டோல் கட்டுது. டோல் கட்டுறவங்களுக்கு வேற வழி இல்ல, டோல் இல்லாதவங்களுக்கு ரெண்டு வழி. மோட்டார்காரங்க மேல எனக்குப் பொறாமை இல்ல, என் மகனே மோட்டார்லதான் வேலைக்குப் போறான். ஆனா காசு குடுக்கத் தயாரா இருக்குறவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு நஷ்டம்னு சொன்னா எப்படி ஏத்துக்கிறது?

பழைய பெர்ரி எல்லாம் ரிப்பேர்னு சொல்றதை ஒத்துக்குறேன். கடைசி சில வருஷம் ஒண்ணு ஓடினா ரெண்டு படுத்துக்கிட்டு இருந்துச்சு, ஜெட்டியில வரிசை வெளி ரோடு வரைக்கும் வரும், வெயில்ல வேன் உள்ள பூவோட உட்கார்ந்திருக்கிற அவஸ்தை எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் தாண்டியும் ஜனங்க வந்துக்கிட்டு இருந்தாங்க. நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் கடைசி நாளுங்கள்ல பிள்ளைகுட்டியோட கூட்டம் கூட்டமா வந்து ஏறினாங்க. வேண்டாத பொருளுக்கு அப்படிக் கூட்டம் வராது. பராமரிக்காம விட்டதுனாலதான் பெர்ரி கெட்டுச்சு, ஆளு வராததுனால இல்ல. காடி கூட்டத்தைக் குறைக்கணும், ஜார்ஜ்டவுன் 2008ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குற ஊருன்னு ஒரு காரணம் சொல்லலாம். அது நல்ல எண்ணம்தான். ஆனா காடி வர்றது நிக்கலியே! பாலம் வழியா சுத்தி, தீவோட ரோட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு அதே டவுனுக்குத்தான் வருது. பெர்ரியில வந்தா ஒரு தடவைக்கு இத்தனைதான்னு ஒரு அளவாவது இருக்கும்.

மத்த ஊருல என்ன செய்றாங்கன்னும் பாருங்க. நம்ம நாட்டுலயே கோலா பெர்லிஸ்ல இருந்து லங்காவிக்கு காடியை ஏத்தலாம், சபாவுல மெனும்போக்ல இருந்து லாபுவானுக்கு ஏத்தலாம். துருக்கியில இஸ்தான்புல்னு இருக்கே, அங்க 1872லயே சுஹுலெத்னு ஒரு கப்பல்ல குதிரை வண்டியை ஏத்திக் கடலைத் தாண்டினாங்க, உலகத்துலயே முதல்ல வந்த வண்டி ஏத்துற பெர்ரிகள்ல அதுவும் ஒண்ணு. அதுக்கப்புறம் 1973ல ஒரு பாலம், 1988ல ஒண்ணு, 2016ல ஒண்ணு, கடலுக்கு அடியில ரயிலு, காடி போற சுரங்கம்னு எல்லாம் கட்டிட்டாங்க. இத்தனைக்கு அப்புறமும் சிர்கேஜியில இருந்து ஹரேமுக்கு காடி பெர்ரி ஓடுது. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துல 1958ல தனியார் பெர்ரி கம்பெனிங்கள்ல ஸ்ட்ரைக் வந்து ஜனங்க மாட்டிக்கிட்டதும், 1960ல மாநில அரசே ரெண்டு கப்பலை வச்சு சொந்தமா ஆரம்பிச்சாங்க. கூட்டம் கூடினதும் காடியை விட்டுட்டு வாங்கன்னு ஜனங்களைச் சொல்லல. கப்பலை நடுவுல வெட்டி, துண்டு சேர்த்து நீட்டினாங்க, அதுவும் பத்தலைன்னதும் மேல்தட்டைத் தூக்கி உள்ள இன்னொரு காடி தட்டு வச்சாங்க! இன்னிக்கு 30க்கும் மேல கப்பல் இருக்கு அவங்ககிட்ட. வளர்ச்சின்னா அது. வர்ற ஜனத்துக்குத் தகுந்த மாதிரி கப்பலை மாத்தினாங்க. நீங்க வாங்கின கப்பலுக்குத் தகுந்த மாதிரி ஜனத்தை மாறச் சொல்றீங்க.

இன்னொண்ணும் யோசிங்க. முத்தியாரா லைன்னு எல்.ஆர்.டி. ரயிலு கடலைத் தாண்டி, பட்டர்வொர்த் ஜெட்டி பக்கத்துல இருக்குற பினாங்கு சென்ட்ரல் வரைக்கும் வரப்போகுதுன்னு அறிவிச்சாச்சு. அது வந்துட்டா நடந்து வர்ற பயணிங்கள்ல நிறைய பேரு ரயிலுக்குத்தான் போவாங்க, அப்போ 250 சீட்டை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க? ரயில் ஏத்த முடியாதது காடி, வேன், சின்ன லோரி. அதுதான் உங்களுக்குக் கடைசி வரைக்கும் நிக்கிற வியாபாரம். அதையே முதல்ல கைவிட்டுட்டீங்க.

கூட்டத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா எங்க ஊர்ல 1988 ஜூலை 31ஐ மறந்தவங்க கிடையாது. புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழா ஒரு பக்கம், தீவுல குவான் யின் விழா ஒரு பக்கம்னு ஜனம் வெள்ளமா வந்து பட்டர்வொர்த் ஜெட்டி இடிஞ்சு விழுந்து 32 பேரு போயிட்டாங்க, 1,600 பேருக்கு மேல அடிபட்டாங்க. இப்போ தைப்பூசத்துக்கு தீவுல தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறவங்க காவடி, பால்குடம், வயசானவங்க, கைக்குழந்தைன்னு மொத்தமா நடந்தே ஜெட்டிக்குள்ள வர வேண்டியிருக்கு. முன்னாடி ஒரு பகுதி ஜனம் காடியில உட்கார்ந்தே ஏறிடும், நடைபாதையில நெரிசல் அந்த அளவுக்குக் குறையும். காவடியைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு அந்த வழியில நடக்குற பசங்களைப் பார்க்கும்போது எனக்கு வயித்தைக் கலக்குது. இதை யாராவது கணக்குல எடுத்தீங்களா?

நான் கேக்குறதை இப்போ தெளிவா சொல்லிடுறேன். காடியும் சின்ன வேனும் ஏத்துற பெர்ரி குறைஞ்சது ரெண்டு வாங்குங்க. அதுக்கு எந்த வருஷத்து பட்ஜெட்ல பணம் ஒதுக்கப் போறீங்கன்னு வெளிப்படையா சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் வாடகைக்காவது ஒரு கப்பலை எடுத்து விடிகாலையிலயும் சாயந்தரமும் ஓட்டுங்க, நாள் முழுக்க வேணாம், பூ, மீன், காய்கறின்னு கெட்டுப்போற பொருள் கொண்டுபோறவங்களுக்கும் நோயாளிங்களுக்கும் அந்த நேரம் போதும்.

ஓகேயூ கார்டு வச்சிருக்கிறவங்க, நடக்க முடியாத வயசானவங்க இருக்குற காடிக்கு தனி வரிசை வேணும், கட்டணத்துல சலுகை வேணும். காடி ஓடுற வரைக்கும் காத்திருக்காம இப்பவே ரெண்டு ஜெட்டியிலயும் அவங்களை வாசல்ல இருந்து கப்பல் வரைக்கும் கூட்டிட்டுப் போக ஆளும் வண்டியும் போடுங்க.

ரெண்டு பக்கமும் காடி ஏறுற ரேம்ப், வரிசையா நிக்கிற இடம் எதெல்லாம் மிச்சம் இருக்கோ அதை இடிக்காதீங்க, கடை கட்ட குத்தகைக்கும் விடாதீங்க. அது போயிடுச்சுன்னா நாளைக்கு நீங்களே மனசு மாறினாலும் திரும்பக் கட்ட பல மடங்கு செலவாகும்.

காடியை நிறுத்துறதுக்கு முன்னாடி எதை வச்சு முடிவெடுத்தீங்களோ அந்த ஆய்வு, வரவு செலவு, காடி எண்ணிக்கை எல்லாத்தையும் பொதுவுல வைங்க. எங்க வரிப்பணத்துல ஓடுற சேவை, பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கு. தைப்பூசம், தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் நாளுங்கள்லயும், மாரத்தானுக்காக பாலத்தை மூடுற ராத்திரியிலயும் கூடுதல் பெர்ரி விட்டு ராத்திரி நேரத்தையும் நீட்டுங்க, ஜெட்டிக்குள்ள எத்தனை பேரை விடலாம்னு ஒரு வரம்பு வச்சு அதை வாசல்லயே எழுதிப் போடுங்க.

கடைசியா, எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்க. கூட்டத்தை தீவுல ஹோட்டல்ல வைக்காம பட்டர்வொர்த்துல வைங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வைங்க, மார்க்கெட்காரங்களும் வேலைக்குப் போறவங்களும் அப்போதான் வர முடியும். வீல்சேர் உள்ள வர்ற மாதிரி இடமா பாருங்க, என் மாமியாரையும் கூட்டிட்டு வரேன். இந்த மடலுக்கு மூணு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் குடுங்க, முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு கணக்கோட குடுங்க.

இப்படிக்கு,
பாகான்ல பூமாலை கட்டுற ஒருத்தி